குப்பிக்காரி போட்ட வெள்ளைக் கோட்டு

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு வாசலிலேயே வழவழவென்ற காகிதத்தில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். இன்ன வருஷம் இன்னார் கல் நாட்டினார், இத்தனை துறை, இத்தனை ஆய்வகம், நூலகத்தில் இத்தனை லட்சம் புத்தகம், இங்கே படித்தவர்கள் எந்தெந்த நாட்டில் கொடி கட்டிப் பறக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். மக்கள் பணத்தில் மக்களுக்காக நடக்கும் பல்கலைக்கழகம் என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இருந்தாலும் அந்தப் புத்தகத்தை முழுசாக வாசித்தவள் நான். வாசித்து வாசித்து வயிறெரிந்தவளும் நான்தான். ஏனென்றால் அதன் நடுப்பக்கத்தில் என் ஓர்ப்படி இருந்தாள்.

ஓர்ப்படி என்றால் என் கொழுந்தன் மனைவி. எங்கள் மாமனாருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவருக்கு நான். நடுவில் இருந்தவர் கல்யாணமே வேண்டாம் என்று கப்பலில் வேலைக்குப் போனவர், போனவர் போனவர்தான். கடைக்குட்டிக்கு வாய்த்தவள் இவள். இவளுடைய அம்மாவும் என் பெரியம்மாவும் ஒரே துணி மில்லில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள், அதனால் பெண் கேட்க நான்தான் முன்னால் போனேன். மாமனார் அந்தப் பல்கலைக்கழகத்தில் தச்சர். மேசை, பெஞ்சு, கரும்பலகைச் சட்டம் எல்லாம் அவர் கை பட்டதுதான். மருமகள் சும்மா இருக்க வேண்டாமே என்று வேதியியல் துறையில் யாரிடமோ சொல்லிக் குப்பி கழுவச் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டிலும் வெளியிலும் அவள் குப்பிக்காரி. அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள்.

குப்பி கழுவுவது என்றால் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒருநாள் சாப்பாடு கொண்டுபோய்ப் பார்க்கும்வரை. கட்டடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, சன்னல் இல்லாத ஒரு அறை. ஒரு பக்கம் நீளமான கல் தொட்டி. அதற்குப் பக்கத்தில் மூடி போட்ட பீங்கான் ஜாடிகள். அதற்குள் ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு அமிலம். மாணவர்கள் மேலே என்னத்தையோ காய்ச்சி, என்னத்தையோ கருக்கி அனுப்பும் பீக்கர், பிளாஸ்க், பிப்பெட் எல்லாம் அந்த அமிலத்தில் ஊற வேண்டும். ஊறியதை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலச வேண்டும். கண்ணாடியில் ஒரு திட்டு இருந்தாலும் மேலே இருப்பவன் செய்த சோதனை பாழ், பழி கீழே இருப்பவள் மேல். கையுறை கொடுப்பார்கள். அது கிழியும். கிழிந்தால் அடுத்தது வரும்வரை அதே கிழிசல்தான்.

அந்த அறையில் அவளோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தி வாட்டசாட்டமாக இருப்பாள், அவளை நெட்டை என்பார்கள். இன்னொருத்தி வேலை முடியும்வரை எதையாவது பாடிக்கொண்டே இருப்பாள், பாட்டுக்காரி. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே உயிராக இருந்தவர்கள்.

இனி அந்த நடுப்பக்கத்துப் படத்துக்கு வருகிறேன்.

அவள் வேலைக்குப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஏதோ ஆண்டு நிறைவு. புத்தகம் போட வேண்டும் என்று படம் பிடிப்பவரை வரவழைத்திருக்கிறார்கள். அவர் துறை துறையாகப் போய்ப் படம் எடுத்துவிட்டு வேதியியலுக்கு வந்து, "எல்லாம் மீசையாவே இருக்கே, ஒரு பொண்ணு கூட இல்லையா?" என்று கேட்டாராம். இல்லை. அந்தத் துறையில் அன்றைக்கு ஆராய்ச்சிக்கு ஒரு பெண்ணைக்கூடச் சேர்க்கவில்லை. விண்ணப்பித்தவர்கள் இருந்தார்களாம், சேர்க்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். துறைத்தலைவர் யோசித்திருக்கிறார். படிக்குக் கீழே போய், "ஏம்மா, கையைத் துடைச்சுட்டு மேல வா" என்றிருக்கிறார்.

சாயங்காலம் வந்து அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"யாரோ ஒரு பையன் கோட்டைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டாங்கக்கா. கை நீளம், மடிச்சு மடிச்சு விட்டாங்க. பக்கத்து டிபார்ட்மென்ட்லேர்ந்து நுண்ணோக்கி தூக்கிட்டு வந்தாங்க. இதுல கண்ணை வையின்னாங்க. எதைப் பாக்கணும்னு கேட்டேன். எதையாவது பாருன்னாங்க."

"என்னடி தெரிஞ்சது?"

"ஒண்ணுமில்ல. என் கண்ணிமை முடிதான் பெருசா தெரிஞ்சது. சிரிப்பு வந்துச்சு. சிரிக்காதேன்னாங்க. முடிஞ்சதும் கோட்டைக் கழட்டிட்டு, கீழ போ, பீக்கர் ஊறுதுன்னாங்க."

வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமனார், "நல்லவேளை, கோட்டோட வீட்டுக்கு வரல. வந்திருந்தா என் மகன் எழுந்து நின்னு சலாம் போட்டிருப்பான்" என்றார். கொழுந்தன் பொண்டாட்டிக்கு எழுந்து நின்று சலாம் போட்டான். அதன் பிறகு அவள் சமையலறைக்குள் நுழைந்தால், "விஞ்ஞானி வந்தாச்சு, வழி விடுங்க" என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

எங்களுக்கு அது ஒரு நாள் வேடிக்கை. அவர்களுக்கு அது அப்படி இல்லை. படம் புத்தகத்தில் வந்தது. அப்புறம் அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மணிக்கூண்டுக்குக் கீழே இருக்கும் பெரிய மண்டபத்தில், நிறுவியவர்கள் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். கீழே, 'நம் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆய்வாளர்களுள் ஒருவர்' என்று எழுதினார்கள். பெண்களைச் சேர்க்காத துறை, சேர்த்ததற்குச் சாட்சியாக, பீக்கர் கழுவ வந்தவளை மாட்டிவைத்தது. அதைப் பார்த்து எத்தனை பெரிய மனிதர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்களோ! அந்தத் தலைகளுக்குக் கீழே, மாடிப்படிக்குக் கீழே, அதே பெண் அமிலத்தில் கை விட்டுக்கொண்டிருந்தாள்.

வருஷங்கள் போயின. அவளுக்கு மகன் பிறந்தான், படித்தான், வேலைக்குப் போனான். துறைத்தலைவர்கள் மாறினார்கள். ஒரு கட்டத்தில் குப்பி கழுவுகிறவர்களை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டார்கள். அந்த ஒப்பந்தக்காரர் போய் இன்னொருவர் வந்தார், அவர் போய் இன்னொருவர். ஆள் மாறும்போதெல்லாம் இவர்கள் மூன்று பேரும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவர்கள் மாதிரி ஆனார்கள். கடைசியில் குப்பி கழுவ ஒரு இயந்திரம் வாங்கினார்கள். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்கள். அவ்வளவுதான். ஒரு கூட்டம் இல்லை, ஒரு நன்றி இல்லை. போகும்போது பாட்டுக்காரி அந்த இயந்திரத்தைத் தட்டிக் கொடுத்து, "கையுறை கேட்டுடாதே, கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

கை முதலிலேயே கெட ஆரம்பித்திருந்தது. விரல் முட்டிகளில் சின்னச் சின்னதாகக் குழி விழும். ஓரம் தடித்து, நடுவில் தோண்டியது மாதிரி. ஆச்சரியம் என்னவென்றால் அது அவ்வளவாக வலிக்காது. வலிக்காததால் அவளும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். வேலை போன பிறகு ஆறும் என்று பார்த்தோம். ஆறவில்லை. ஒன்று மூடினால் பக்கத்தில் ஒன்று திறந்தது. அப்புறம் மூக்கில் ரத்தம். காலையில் முகம் கழுவினால் தொட்டி சிவந்துபோகும். இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள்.

தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அந்த அமிலத்தோட வேலைம்மா. மூக்குத் தண்டுல ஓட்டை விழுந்திருக்கு. இன்னும் உள்ளே போகறதுக்கு முன்னாடி பார்க்கணும். இதுக்குன்னே உங்க பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில தனிப் பிரிவு இருக்கு. ஆய்வகத்துல மருந்து பட்டுக் கெட்டவங்களை அங்கதான் பாக்கறாங்க. வேற எங்கயும் இந்த வசதி கிடையாது."

அங்கே போனோம். நானும் கூடப் போனேன். சுத்தமான வராந்தா, உட்கார மெத்தை போட்ட நாற்காலி. கட்டை விரலில் சிவப்பாக ஒரு தடிப்பு என்று ஒரு மாணவன் வந்திருந்தான், அவனை உடனே கூப்பிட்டார்கள். எங்களிடம், "பணியாளர் அட்டையா, மாணவர் அட்டையா, பழைய ஆய்வாளர் அட்டையா?" என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றோம். "ஆய்வகத்துல வேலை பார்த்தவங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரிவு" என்றாள் அந்த வாசல் பெண்.

"இந்தக் கையைப் பாரும்மா. இது எங்க வேலை பார்த்த கைன்னு நினைக்கற?" என்றேன்.

"அட்டை வேணும் பாட்டி."

அட்டைக்குப் பணியாளர் பிரிவு. அங்கே ஒரு அலுவலர். மேசை முழுக்கக் காகிதம், நடுவில் ஒரு சின்ன விசிறி. நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார். தேடினார். தேடிவிட்டு, "உங்க பேர் எந்த வருஷத்துலயும் இல்லையேம்மா" என்றார்.

"ஒப்பந்தக்காரர்கிட்ட இருக்கும் சார்" என்றாள் குப்பிக்காரி.

"ஒப்பந்தக்காரர் ஆளுன்னா எங்க ஆள் இல்லையே."

"அதுக்கு முன்னாடி நேராவே இருந்தேன் சார்."

"அதுக்கு ஆதாரம்?"

இவள் கொஞ்சம் யோசித்தாள். "பெரிய மண்டபத்துல மாட்டியிருக்கிற படம் நான்தான் சார். நுண்ணோக்கியில கண்ணை வச்சுட்டு நிக்கறது."

அவர் இவளை மேலும் கீழும் பார்த்தார். "அது ஆய்வாளரும்மா. கீழேயே எழுதியிருக்கே."

"எழுதினது தப்பு சார். நான் குப்பி கழுவினவ."

"பல்கலைக்கழகம் தப்பா எழுதுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தப்பா எழுதாது, எழுதாமலே விட்டுடும். அதானே உங்க வேலை?" என்றேன். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். பரிதாபமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை அரிக்கிறது.

பாருங்கள் கதையை. அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் படம். அந்தப் படமே அவள் அவள் இல்லை என்று சொல்கிறது!

இந்தப் பேச்சு எப்படியோ செய்தித் தொடர்பு அலுவலகத்துக்குப் போய்விட்டது. அந்த வருஷம் மறுபடியும் ஒரு பெரிய ஆண்டு விழா. அங்கிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறையப் பூங்கொத்து. குப்பிக்காரியால் அதை வாங்கிப் பிடிக்க முடியவில்லை, நான்தான் வாங்கினேன்.

"அம்மா, உங்களை நாங்க இத்தனை நாள் தேடிக்கிட்டிருந்தோம்" என்றாள்.

"நான் இங்கதான் இருந்தேன்" என்றாள் இவள்.

"விழா மேடையில உங்களுக்கு மரியாதை செய்யப் போறோம். எங்க பெண் ஆய்வாளர்களுக்கெல்லாம் நீங்க ஒரு அடையாளம்."

"நான் ஆய்வாளர் இல்லம்மா."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, எனக்குப் புரியுது. ஆனா பழைய ஆய்வாளர்னு வச்சுக்கிட்டா ஆஸ்பத்திரி அட்டை உடனே வாங்கித் தர முடியும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வந்து நின்னா போதும்."

அவள் போன பிறகு வீட்டில் பெரிய பேச்சு. மகன் சொன்னான்: "அம்மா, நீ பொய் சொல்லல. சொன்னது அவங்க. அட்டை கிடைக்குது, கை பிழைக்குது. சும்மா நின்னுட்டு வா."

"அன்னைக்கும் இப்படித்தான்டா சொன்னாங்க, சும்மா நின்னா போதும்னு" என்றாள்.

நானும் வாங்கிக்கொள் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அது தப்பான யோசனை என்று நினைக்கவில்லை. திருடன் கையிலிருந்து நம் பொருளை வாங்கும்போது அவன் என்ன பேர் சொல்லித் தருகிறான் என்று பார்ப்பார்களா? கொழுந்தன் பொண்டாட்டியின் கையைத் தன் மடியில் வைத்துப் பழைய துணியை அவிழ்த்துப் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

அவள் கேட்டாள்: "நெட்டைக்கும் இதே கை. பாட்டுக்காரிக்குத் தொண்டையே போச்சு, பேசினா காத்துதான் வருது. அவங்க ரெண்டு பேரும் எந்தப் படத்துலக்கா இருக்காங்க?"

நான் பூங்கொத்தை எடுத்து மூலையில் வைத்தேன்.

"நான் விஞ்ஞானின்னு ஒத்துக்கிட்டா, அந்த ரூமுல குப்பி கழுவினது யாரு? யாருமே இல்லன்னு ஆயிடும். அப்புறம் அவங்க ரெண்டு பேரும் எந்த ரூமைக் காட்டிக் கேப்பாங்க?"

மறுநாள் செய்தித் தொடர்புப் பெண்ணிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். அதோடு நிற்கவில்லை. நெட்டையையும் பாட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு பெரிய மண்டபத்துக்குப் போய், அந்தப் படத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நானும் நாலாவது ஆளாக உட்கார்ந்தேன். வீட்டில் எனக்கு என்ன வேலை?

அங்கே விழாவை முன்னிட்டுத் தினமும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். ஒரு மாணவி கையில் சின்னக் கொடியோடு அவர்களைச் சுற்றிக்காட்டுவாள். கூண்டு மணியைக் காட்டுவாள். வளைந்து வளைந்து ஏறும் படிகளைக் காட்டுவாள். இந்தத் தூணுக்குக் கல் எங்கிருந்து வந்தது, இந்தச் சன்னல் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்பாள். கல்லுக்கும் கண்ணாடிக்கும் ஊர் உண்டு, பூர்வீகம் உண்டு, குறிப்பு உண்டு. தூக்கிவைத்தவனுக்குத்தான் ஒன்றும் கிடையாது. கடைசியில் படங்களுக்கு வருவாள்.

"இவர் நம்ம பல்கலைக்கழகத்தோட முதல் பெண் ஆய்வாளர்களில் ஒருவர். அந்தக் காலத்துலயே பெண்களுக்கு..."

"அது நான்தான்மா" என்றாள் பெஞ்சிலிருந்து குப்பிக்காரி.

முதல் நாள் வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். கை தட்டினார்கள். கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவள், "நான் ஆய்வாளர் இல்லீங்க, கீழ குப்பி கழுவினவ" என்றாள். ஒரு பெரியவர் கண் கலங்கிப்போய், "எவ்வளவு படிச்சும் எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்றார்.

நெட்டைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடியே, உண்மையைச் சொன்னா உன்னை இன்னும் மேல தூக்கி வைக்கறாங்கடி!"

அடுத்த கூட்டம் வந்தபோது குப்பிக்காரி பேச்சைக் குறைத்தாள். கைத் துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். நெட்டையும் தன் கையை நீட்டினாள். கை தட்ட வந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள். சுற்றிக்காட்டும் மாணவி கொடியைத் தாழ்த்தி, "நிஜமாவா பாட்டி?" என்று கேட்டாள்.

"உங்க வேதியியல் கட்டடத்துல படிக்குக் கீழ ஒரு ரூம் இருக்கு, போய்ப் பாரும்மா" என்றாள் இவள். அந்தப் பெண் போய்ப் பார்த்திருக்கிறாள். மறுநாளிலிருந்து அந்தப் படத்திடம் வந்ததும், "மிச்சத்தை இவங்க சொல்வாங்க" என்று சொல்லி ஒதுங்கி நிற்க ஆரம்பித்தாள்.

காவலாளியை அனுப்பினார்கள். ஒல்லியான ஒரு ஆள், பெரிய சட்டை, இவன் அதற்குள் எங்கோ இருந்தான்.

"எழுந்திருங்கம்மா, மேலிடத்து உத்தரவு."

பாட்டுக்காரி காற்றுக் குரலில், "இந்த பெஞ்சு யாருக்குப் போட்டதுப்பா?" என்றாள்.

"வர்றவங்க உட்கார."

"நாங்க வந்தவங்கதானே?"

நெட்டை கேட்டாள்: "நீ யார் ஆளு தம்பி? பல்கலைக்கழகமா, ஒப்பந்தமா?"

"ஒப்பந்தம்தான்."

"அப்ப உன் பேரும் இங்க இல்ல. கால் வலிக்கும், நீயும் உட்காரு."

அவன் உட்காரவில்லை. ஆனால் எங்களை எழுப்பவும் இல்லை. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

விழா நாளும் வந்தது. வெளியிலிருந்து பேராசிரியர்கள் ஒரு குழுவாக வந்தார்கள். துணைவேந்தரே முன்னால் நடந்து காட்டிக்கொண்டு வந்தார். செய்தித் தொடர்புப் பெண் பக்கத்தில். எங்களைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்தது. துணைவேந்தர் வேகமாகத் தாண்டப் பார்த்தார். அந்தக் குழுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மா, அவள் மட்டும் நின்றுவிட்டாள். படத்தைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள்.

"இவங்கதானே இது?"

"ஆமாங்க. ஆனா நான் குப்பி கழுவினவ. படத்துக்காகக் கோட்டு மாட்டிவிட்டாங்க."

செய்தித் தொடர்புப் பெண் அவசரமாக, "வயசாயிடுச்சு மேடம், நினைவு தடுமாறுது" என்றாள்.

நான் எழுந்தேவிட்டேன். நினைவு தடுமாறுகிறதாம்! எங்கள் வம்சத்தில் ஏழு தலைமுறைக்கு யார் யாருக்கு யார் என்று என்னைக் கேள், சொல்கிறேன். உங்களுக்குத்தான் நேற்று வரை குப்பி கழுவினவளை நினைவில்லை என்று கத்தினேன். மண்டபம் எதிரொலித்தது. அந்த நரைத்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"கோட்டு இவங்களுக்கு முட்டிக்குக் கீழ தொங்குது. கையை இத்தனை மடிப்பு மடிச்சிருக்காங்க. யாரோட கோட்டு இது?" என்று துணைவேந்தரைக் கேட்டாள்.

அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அந்த நடையிலேயே பதில் இருந்தது.

அன்றைக்கு மேடையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மேலே பெரிய கூட்டம் நடந்ததாக அந்த மாணவி சொன்னாள். படத்தை எடுத்துவிடலாமா என்று பேசினார்களாம். எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று அந்த நரைத்த அம்மா எழுதிக் கேட்பாளே என்று பயம். அப்படியே விட்டால் நாங்கள் பெஞ்சை விட மாட்டோம் என்று பயம். யாரோ ஒரு மூளைக்காரர் வழி சொல்லியிருக்கிறார். மறுவாரம் நாங்கள் போனபோது படம் அங்கேயே இருந்தது. கீழே மட்டும் புதுத் தகடு. மாணவி வாசித்தாள்: 'வேதியியல் ஆய்வகத்தில் குடுவைகள் கழுவும் பணியாளர்.'

எங்களைத் தோற்கடித்ததாக அவர்களுக்கு எண்ணம். ஆய்வாளர் என்று உயர்த்தினோம், வேண்டாம் என்றாய், கிட உன் இடத்தில் என்று தகடு அடித்திருக்கிறார்கள். செய்தித் தொடர்புப் பெண் தூரத்தில் நின்று எங்கள் முகம் சுருங்குகிறதா என்று பார்த்தாள்.

குப்பிக்காரி அந்த மாணவியிடம், "அதை இன்னொரு தடவை வாசிம்மா" என்றாள். கடைசிச் சொல்லை மட்டும் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். பணியாளர். பிறகு எழுந்து நேராகப் பணியாளர் பிரிவுக்கு நடந்தாள். நாங்கள் பின்னால்.

"சார், கொஞ்சம் வெளியே வாங்க. ஒண்ணு காட்டணும்."

அந்த அலுவலர் என்ன நினைத்தாரோ, வந்தார். மண்டபத்தில் நின்று தகட்டை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இதை யார் எழுதினது?"

"உங்க ஆளுங்கதான் சார்."

"எங்களை ஒரு வார்த்தை கேக்கலையே!"

"எங்களையும் கேக்கல" என்றாள் நெட்டை.

அவர் அங்கேயே நின்று போன் போட்டார். துணைவேந்தரே பார்த்து ஒப்புதல் கொடுத்தது என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். அவர் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "ஒப்பந்தம் எதுவும் வர்றதுக்கு முன்னாடி எடுத்த படம் இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பல்கலைக்கழகமே பணியாளர்னு எழுதிட்டா நான் இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"பல்கலைக்கழகம் தப்பா எழுதாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இவங்க ரெண்டு பேர்?" என்றாள் குப்பிக்காரி.

"கூட வேலை பார்த்த பணியாளர் ஒருத்தர் சாட்சி சொன்னா ஏத்துக்க விதி இருக்கு. இப்ப நீங்க பணியாளர். சொல்லுங்க."

"நெட்டை எனக்கு வலது பக்கம், இவ இடது பக்கம். நான் எங்க நின்னேனோ அங்கதான் இவங்களும் நின்னாங்க. இது போதுமா சார்?"

போதும் என்றார்.

அந்த அட்டை வந்து சேர இன்னும் ஒரு மழைக்காலம் ஆனது. அதற்குள் குப்பிக்காரிக்கு இன்னொரு விரலும் மடங்காமல் போயிருந்தது. அதையெல்லாம் யார் தகட்டில் எழுதுவார்கள்? மூன்று பேரும் ஒரே நாளில் அந்தப் பிரிவுக்குப் போனார்கள். அதே வாசல் பெண், அதே மெத்தை நாற்காலி. இந்தத் தடவை அட்டையைப் பார்த்து, "உள்ள போங்கம்மா" என்றாள்.

டாக்டர் சின்ன வயசு. குப்பிக்காரியின் கையை விளக்குக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இந்தக் குழிகள் மூடும், மேலே பரவாமல் தடுக்கலாம், மூக்கில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான், மடங்காத விரல்கள் இனி மடங்குவது சந்தேகம் என்றார். பாட்டுக்காரிக்குத் தொண்டையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு மருந்து தடவிக்கொண்டே, பொறுப்பான மனுஷர் மாதிரி முகத்தைச் சுளித்துக் கேட்டார்:

"இவ்வளவு முத்தவிட்டு வந்திருக்கீங்களே! ஆரம்பத்துலயே வந்திருக்கக் கூடாதா? உடம்பு மேல அக்கறை வேண்டாமா?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"அக்கா" என்றாள் குப்பிக்காரி, தலையைத் திருப்பாமல். "உட்காரு. அவர் கையில என் கை இருக்கு. கட்டுப் போட்டு முடிக்கட்டும், அப்புறம் திட்டு."

உட்கார்ந்தேன். அவர் மெதுவாக, விரல் விரலாகக் கட்டுப் போட்டார். முடித்துக் கையை அவள் மடியில் வைத்ததும் நான் ஆரம்பித்தேன்.

வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து கதவருகே நின்று கேட்டார்கள்.